தாளை இங்கே வெட்டினால் சிங்கப்பூர்த் தயாரிப்பு ஆகிவிடுமா?

கேள்வி: சிராங்கூன் சாலைப் பகுதியில் எழுதுபொருள் கடை நடத்துகிறேன். சிவகாசியில் நோட்டுப் புத்தகம் தயாரிக்கும் என் மைத்துனருக்கு 80 கிராம் தாள் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ளது) அனுப்ப நினைக்கிறேன். ஒரு தரகர் இந்தோனேசியா, சிங்கப்பூர் இரண்டின் காகித ஏற்றுமதிப் பட்டியலைக் காட்டினார். "சிங்கப்பூரும் காகிதம் ஏற்றுமதி செய்கிற நாடுதான். ரோலை இங்கே வெட்டி ரீம் போட்டால் சிங்கப்பூர்த் தயாரிப்பு என்று சான்றிதழ் வாங்கலாம், இந்தியாவில் சுங்கவரி வராது" என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். முன்பணமும் கொடுக்காதீர்கள்.

இந்தோனேசியாவின் கணக்கில் இருப்பது அந்த நாட்டு மரம், அந்த நாட்டுக் காகிதக் கூழ், அந்த நாட்டு ஆலை. ரியாவ் மாநிலத்தின் பெராவாங், பங்கலான் கெரிஞ்சி ஆலைகள் நமக்குக் கடலுக்கு அப்பால்தான் இருக்கின்றன. சிங்கப்பூரில் கூழ் ஆலை கிடையாது. வெளியிலிருந்து வந்த சரக்கு மீண்டும் வெளியே போனாலும் அது இங்கே ஏற்றுமதியாகவே பதிவாகும். உள்நாட்டு ஏற்றுமதி, மறு ஏற்றுமதி என்று நம் புள்ளிவிவரத் துறை பிரித்தே வெளியிடுகிறது. ஆனால் உலகப் பட்டியல்களில் இரண்டும் ஒரே தொகையாக முன்னால் வந்து நிற்கின்றன. பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டுமே உண்மை தெரியும் என்றால், சிறு வணிகருக்கு அந்தப் பட்டியலால் என்ன பயன்? தரகர்கள் பிழைப்பதே இந்தக் குழப்பத்தில்தான்.

அடுத்தது வெட்டும் கதை. ரோலுக்கும் வெட்டிய தாளுக்கும் சுங்க எண், அதாவது சரக்கை வகைப்படுத்தும் எண், வேறு. எண் மாறினால் பிறப்பிடமும் மாறிவிடும் என்பது தரகரின் வாதம். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் சரக்குக்கு இந்தியா சுங்கவரிச் சலுகை தரும் ஆசியான்-இந்தியா ஒப்பந்தத்தில் அது மட்டும் போதாது. குறைந்தது 35 விழுக்காடு மதிப்பு ஒப்பந்த நாடுகளுக்குள் உருவாகியிருக்க வேண்டும். வெறுமனே வெட்டுவதும் கட்டுவதும் உற்பத்தியாகவே கருதப்படாது. வெட்டியதை மட்டும் வைத்துப் பிறப்பிடம் சிங்கப்பூர் என்று எழுதிய சான்றிதழ் பொய்ச் சான்றிதழ்தான். பிடிபட்டால் வரியும் வட்டியும் அபராதமும் உங்கள் மைத்துனர் தலையில் விழும். 2020 முதல் இறக்குமதியாளரே பிறப்பிட விவரங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது இந்திய விதி.

ஒரு விலக்கு உண்டு. தரகர்கள் திரித்துச் சொல்வது இதைத்தான். இந்தோனேசியத் தாள் அந்த நாட்டுச் சான்றிதழோடு இங்கே இறங்கியிருந்தால், அதை வைத்துச் சிங்கப்பூர்ச் சுங்கத்துறை இரண்டாவது சான்றிதழ் தர முடியும். வணிகர்கள் இதை 'பேக் டு பேக்' என்பார்கள். அதற்கு முதல் சான்றிதழின் மூலப்பிரதி வேண்டும். இங்கே இறக்குமதி செய்தவரே ஏற்றுமதியும் செய்ய வேண்டும். முக்கியமாக, இரண்டாவது சான்றிதழிலும் பிறப்பிடம் இந்தோனேசியா என்றே இருக்கும். சலுகை கிடைப்பதும் அதனால்தான். தரகர் தன் பெயரில் இறக்கிய சரக்கை நீங்கள் வாங்கி உங்கள் பெயரில் அனுப்பினால் இந்த வழி அடைபட்டுவிடும்.

ஆகவே இந்தோனேசியா கொடுத்த முதல் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் விலகுங்கள். இதைவிட எளிய வழி, சுமத்ராவிலிருந்து தூத்துக்குடிக்கே சரக்கை அனுப்பச் செய்து, விலைப்பட்டியலை (இன்வாய்ஸ்) மட்டும் நீங்கள் கொடுப்பது. ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறது. கொள்கலன் கப்பல் மாறச் சிங்கப்பூர்த் துறைமுகத்தைத் தொட்டாலும், முழுப் பயணத்துக்கும் ஒரே கப்பல் ரசீது (பில் ஆஃப் லேடிங்) இருந்தால் போதும். காகித இறக்குமதிக்கான முன்பதிவை இந்தியா 2022 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. கப்பல் வந்துசேரும் முன்பே உங்கள் மைத்துனர் அதை முடித்திருக்க வேண்டும்.