வெளிநாட்டில் இரண்டாவது ஆசிரியர் வேலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: துபாயில் ஓர் இந்தியப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் நான்கு பேர் சாயங்காலம் டியூஷன் கேட்கிறார்கள். பள்ளியில் கேட்டேன், வாய்மொழியாகச் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஆரம்பித்துவிடலாமா?
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: இன்னும் வேண்டாம் அம்மா. முதல்வரின் வாய்ச்சொல் அனுமதி ஆகாது. வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பதற்கென்றே அமீரகத்தின் மனிதவள அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து 2023 டிசம்பரில் 'தனியார் ஆசிரியர் பணி அனுமதி'யைக் கொண்டுவந்தன. பள்ளியில் வேலை பார்ப்பவர், வேலை இல்லாதவர், கல்லூரி மாணவர்கூட விண்ணப்பிக்கலாம். 2 ஆண்டு செல்லும். கட்டணம் கிடையாது. ஆகவே பணம் வாங்கிக்கொண்டு எடுத்துத் தருகிறேன் என்று வரும் ஆளை நம்ப வேண்டாம்.

கேட்கும் காகிதங்கள்: எமிரேட்ஸ் ஐடி, பள்ளியின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், காவல்துறையின் நன்னடத்தைச் சான்று, உடல்தகுதிச் சான்று, அனுபவச் சான்று இருந்தால் அது, வெள்ளைப் பின்னணியில் புகைப்படம். இவற்றோடு நடத்தை விதிகளை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும்.

இந்த வரிசையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நன்னடத்தைச் சான்றை முதலில் எடுத்துவிடுகிறார்கள். பள்ளிக் கடிதம் வருவதற்குள் சான்று பழசாகிவிடுகிறது. முதலில் பள்ளிக் கடிதத்தை வாங்குங்கள். பள்ளியின் லெட்டர்பேடில், முத்திரையோடு, 'பள்ளி நேரத்துக்கு வெளியே தனி வகுப்பு எடுக்க ஆட்சேபணை இல்லை' என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். 'எங்களிடம் பணிபுரிகிறார்' என்ற பொதுக் கடிதம் போதாது. காவல்துறைச் சான்றுக்கு அதன் பிறகு போகலாம். ஒருமுறை நிராகரித்தால் மறுபடி விண்ணப்பிக்க 6 மாதம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அரைகுறையாக அனுப்புவதால் ஒரு கல்வியாண்டே போய்விடும்.

அனுமதி கைக்கு வந்தபின்பும் உங்கள் சொந்த வகுப்புப் பிள்ளைகளை டியூஷனுக்குச் சேர்க்காதீர்கள் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் போடும் கையும் டியூஷன் காசு வாங்கும் கையும் ஒன்றாக இருந்தால் ஒரு நாள் புகார் வரும். அப்போது பள்ளி உங்கள் பக்கம் நிற்காது.

கேள்வி: துபாயிலேயே ஒரு பயிற்சி மையம் வாரக் கடைசியில் மட்டும் வரச் சொல்கிறது. மேலே சொன்ன அனுமதி இதற்கும் போதுமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: போதாது. மையத்தில் சம்பளத்துக்குப் போவது இன்னொரு முதலாளியிடம் வேலை. அதற்கு அந்த மையமே உங்கள் பெயரில் பகுதிநேரப் பணி அனுமதி எடுக்க வேண்டும். அனுமதி இல்லாமல் ஆள் வைப்பவருக்கு 2024ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம். மையம் அதைக் கட்டிவிட்டு நடத்திக்கொண்டிருக்கும். போவது உங்கள் விசாவாக இருக்கலாம். 'ஒரு மாதம் வாருங்கள், பிறகு பேப்பர் போடலாம்' என்றால் அந்த மாதமே ஆபத்து.

மையம் சான்றொப்பம் பெற்ற பட்டம் கேட்கும். ஒரே முத்திரையில் சான்றிதழை ஏற்கும் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் அமீரகம் இல்லை. அதனால் சென்னைத் தலைமைச் செயலகம், டெல்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியாக அமீரக வெளியுறவு அமைச்சகம் என்று படிப்படியாகப் போக வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே அடிக்கடி வரும் வில்லங்கம் இனிஷியல். பட்டத்தில் 'எஸ். முருகன்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும். இரண்டும் ஒருவரே என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்றை ஊரில் இருக்கும்போதே எடுத்து, பட்டத்தோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: மகள் இங்கிலாந்தில் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் கணித ஆசிரியை. சனிக்கிழமை இன்னொரு பள்ளியில் வகுப்பு எடுக்கலாமா? வரி நிறையப் பிடிப்பார்கள் என்கிறார்களே?
– வாசகர், வள்ளியூர்

பதில்: எடுக்கலாம். வாரம் 20 மணி நேரம் வரை, முதல் வேலை நேரத்துக்கு வெளியே, தகுதியுள்ள தொழில் பட்டியலில் வரும் வேலையாக இருக்க வேண்டும். இரண்டாவது பள்ளி வேலை உரிமையைச் சரிபார்க்கும்போது, முதல் பள்ளியில் இன்னும் வேலையில் இருப்பதையும் அங்கே என்ன வேலை, என்ன நேரம் என்பதையும் காட்டும் கடிதம் கேட்கும், கையில் வைத்திருக்கட்டும். பிள்ளைகளோடு பழகும் வேலை என்பதால் டிபிஎஸ் எனும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பும் உண்டு. முதல் பள்ளி வேலை நின்றால் சனிக்கிழமை வேலையும் அன்றே நிற்க வேண்டும். இதை மறந்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

வரி விஷயம்: வரியில்லா 12,570 பவுண்டும் முதல் சம்பளத்திலேயே கழிந்துவிடும். சேரும்போது தரும் படிவத்தில் 'எனக்கு இன்னொரு வேலை உண்டு' என்ற வாசகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது இரண்டாவது சம்பளம் முழுவதற்கும் 20 சதவீதம் பிடிப்பார்கள். அது கூடுதல் வரி இல்லை, சரியான கணக்குதான். அந்த வாசகத்தை விட்டுவிட்டால் வரிவிலக்கு இரண்டு இடத்திலும் கழிந்து, பிற்பாடு மொத்தமாகக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். இரண்டு சம்பளமும் சேர்ந்து 20 சதவீத வரம்பைத் தாண்டினாலும் பாக்கி வரும்.

கேள்வி: தம்பி சிங்கப்பூரில் எஸ் பாஸில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கலாமா?
– வாசகி, கடையநல்லூர்

பதில்: கூடாது அக்கா. எஸ் பாஸ் என்பது நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி. அதில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அங்கே மட்டும்தான் வேலை. மீறினால் 20,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. தம்பி மனைவிக்கு டிபெண்டன்ட் பாஸ் (குடும்பத்தினர் அனுமதி) இருந்தால் அவர்கள் பெயரில் நடத்தலாம் என்று சிலர் வழி சொல்வார்கள். 2021 மே முதல் அவர்களும் தனியாக வேலைப் பாஸ் எடுத்தாக வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டில் இருந்துகொண்டே பாளையங்கோட்டை டியூஷன் சென்டருக்கு ஆன்லைனில் பாடம் எடுத்தால்? பணத்தை அப்பா கணக்கில் போடச் சொல்லலாமா?
– வாசகர், நாங்குநேரி

பதில்: சம்பளம் இந்தியாவில் வந்தாலும் நீங்கள் உட்கார்ந்து பாடம் எடுக்கும் நாட்டில் அது வேலைதான். இங்கிலாந்து விசாவானாலும் சிங்கப்பூர் பாஸானாலும் நிபந்தனை அதற்கும் பொருந்தும். முதலில் அதைப் பாருங்கள்.

அனுமதி இருந்தால், பணம் உங்கள் என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்தைப் போடும் கணக்கு) வரட்டும். ஊரில் வைத்திருந்த பழைய சாதாரண சேமிப்புக் கணக்கை வெளிநாடு போனபின் அப்படியே வைத்திருப்பது அந்நியச் செலாவணி விதிக்கு மாறானது; வங்கியில் சொல்லி என்ஆர்ஓவாக மாற்ற வேண்டும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கான என்ஆர்இ கணக்கில் இந்திய ரூபாய்ச் சம்பாத்தியத்தைப் போட முடியாது. அப்பா கணக்கு வேண்டாம். மாதாமாதம் வரும் தொகை அவர் வருமானமாகத் தெரியும். விளக்கம் கேட்டால் ஓய்வூதியக்காரர் அலைய நேரும்.

நேரத்தையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். துபாயில் இரவு 7 மணி என்றால் இங்கே 8.30. இங்கிலாந்தில் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி வித்தியாசம். அங்கே மாலை 5 மணிக்குப் பள்ளி முடிந்து உட்கார்ந்தால் பாளையங்கோட்டைப் பிள்ளைக்கு இரவு 9.30 அல்லது 10.30. பத்தாம் வகுப்புப் பிள்ளை அந்நேரம் தூங்கி விழும். இங்கிலாந்தில் இருப்பவர்கள் சனி, ஞாயிறு காலையை எடுத்துக்கொள்வதே நல்லது.