பிரேக் போட்டா ஸ்டீயரிங் ஆடுது, டிஸ்க் வளைஞ்சிருச்சா?

கேள்வி: சார், என்கிட்ட இருக்கறது ஏழு வருஷ பெட்ரோல் ஹேட்ச்பேக், 62,000 கிலோமீட்டர் ஓடிருக்கு. போன மாசம் குடும்பத்தோட கொல்லிமலை போய்ட்டு வந்தோம். வந்ததுல இருந்து 80ல போறப்ப பிரேக் போட்டா ஸ்டீயரிங் கிடுகிடுன்னு ஆடுது, கால்லயும் பெடல் துடிக்குது. 30க்கு கீழ வந்துட்டா தெரியல. மெக்கானிக் முதல்ல பேட் மாத்துனாரு, சரியாகல. அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் பண்ணியாச்சு, அதுவும் தண்டம். இப்ப டிஸ்க் வளைஞ்சிருச்சு, ரெண்டு பக்கமும் மாத்தணும்ங்கிறாரு. டயர் நாலும் புதுசு தான் சார், நாலு மாசம் முன்னாடி மாத்துனது, 6,000 கிலோமீட்டர் கூட ஓடல. மலை இறங்குனதால தான் இப்படி ஆச்சா? டிஸ்க் மாத்தியே ஆகணுமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவு மேல பழியப் போடறதுக்கு முன்னாடி, போறபோக்குல டயர் மாத்துனேன்னு ஒரு வரி எழுதிருக்கீங்க பாருங்க, எனக்கு சந்தேகமே அங்க தான்.

டயர் கடையில என்ன நடக்கும்னு நீங்களே பாத்திருப்பீங்க. ஏர் கன்ன வெச்சு ஒரு நட்ட டர்ர்ருனு கடைசி வரைக்கும் முறுக்கிட்டு, அப்படியே பக்கத்து நட்டுக்குப் போவாங்க. டிஸ்க் இருக்கறது ஹப்புக்கும் (வீல் மாட்டற நடுப்பகுதி) வீலுக்கும் நடுவுல, அந்த நட்டுங்க தான் அதை அழுத்திப் புடிச்சிருக்கு. ஒரு பக்கம் ஜாஸ்தி, ஒரு பக்கம் கம்மின்னு இறுக்கினா டிஸ்க் கண்ணுக்கே தெரியாத அளவு சாஞ்சு உக்காரும். ஹப் மேல துரு இருந்தாலும் இதே கதை தான். சாஞ்ச டிஸ்க் நீங்க பிரேக்கே போடாம ஹைவேல போறப்பவும் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவ, டிஸ்க்க ரெண்டு பக்கமும் கவ்வற பேட்ல லேசா உரசும், உரசுன அந்த இடம் மட்டும் தேயும். இது ஒரு நாள்ல தெரியாது, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடுன பிறகு தான் டிஸ்க் ஒரு இடத்துல மெலிசாவும் ஒரு இடத்துல தடிமனாவும் ஆகி பெடல் துடிக்க ஆரம்பிக்கும், அதுக்குள்ள டயர் கடை நமக்கு மறந்தே போயிருக்கும். உங்க 6,000 கணக்கு இதுல கச்சிதமா உக்காருது.

மலைக்கும் பங்கு இல்லாம இல்ல. இறக்கம் பூரா பிரேக்க மிதிச்சே வந்து, டிஸ்க் கொதிக்கறப்ப ஒரு இடத்துல நிறுத்தி பெடல விடாம அழுத்திட்டே இருந்தா பேட்ல உரசற பூச்சு அந்த இடத்துல திட்டா ஒட்டிக்கும். அதுவும் ஆட்டம் குடுக்கும். ஆனா "வளைஞ்சிருச்சு"ங்கறது முக்கால்வாசி நேரம் வாய் வார்த்தை தான், வார்ப்பிரும்பு அவ்ளோ லேசுல வளையாது, தடிமன் ஏறி இறங்குறது தான் பிரச்சனை. புது பேட் போட்டும் சரியாகாததுக்கு காரணம் இதான், ரோடு குண்டும் குழியுமா இருக்க செருப்ப மாத்தி என்ன பிரயோஜனம். பேலன்சிங் கோளாறா இருந்தா பிரேக் போடாமலே ஆடிருக்கும்.

அதனால மாத்தறதுக்கு முன்னாடி அளக்கச் சொல்லுங்க. வெர்னியர் சரிப்படாது, மைக்ரோமீட்டர் வேணும். டிஸ்க்க சுத்தி எட்டு இடத்துல, விளிம்புல இருந்து ஒரே தூரத்துல தடிமன் எடுக்கணும். ஒரு வெள்ளைத்தாள் 0.1 மில்லிமீட்டர் இருக்கும், இங்க 0.02 வித்தியாசம் இருந்தாலே கால்ல தெரிஞ்சிரும். அடுத்து நட்ட எல்லாம் முறையா இறுக்கிட்டு டயல் கேஜ் (முள் காட்டற அளவுக் கருவி) வெச்சு டிஸ்க்க மெதுவா சுத்தி பக்கவாட்டு ஆட்டம் எவ்ளோன்னு பாக்கணும், 0.05 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா பொதுவா நல்லது, உங்க மாடலுக்கான அளவு சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். கூட இருந்தா டிஸ்க்க கழட்டி, ஹப்ப எமரி பேப்பர் போட்டு துரு போக தேச்சு, ஒரு ஓட்டை தள்ளி மாட்டி மறுபடி பாருங்க, பல சமயம் பாதி ஆட்டம் இதுலயே போயிரும்.

டிஸ்க் மேலயே குறைஞ்சபட்ச தடிமன் அச்சடிச்சிருக்கும். கடைஞ்ச பிறகும் அதுக்கு மேல நிக்கும்னா லேத்ல கடையலாம், வண்டியில மாட்டின மேனிக்கே கடையற மெஷின் கிடைச்சா இன்னும் நல்லது. நிக்காதுன்னா மாத்தியே ஆகணும், அப்பவும் ஜோடியா தான். எதைப் பண்ணாலும் ஹப்ப சுத்தம் பண்ணாம மாட்டவிடாதீங்க, இல்லன்னா இன்னொரு 6,000ல இதே கேள்விய எழுதுவீங்க. கையோட பேட்ட அழுத்தற காலிப்பரோட பின் ரெண்டும் கையால தள்ளுனா வழுக்குதா, வீல தாங்கற லோயர் ஆர்ம்ல இருக்கற ரப்பர் புஷ் கிழிஞ்சிருக்கான்னும் பாத்துருங்க, புஷ் போயிருந்தா துளி ஆட்டமும் ஸ்டீயரிங்ல பெருசா தெரியும். நட்ட கையால எதிர் எதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி கடைசியா டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கற ஸ்பேனர்) வைக்கச் சொல்லுங்க, அளவு ஓனர் மேனுவல்ல இருக்கு, சின்ன கார்னா பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டர் கிட்ட வரும்.

கேள்வி: மழையில திடீர்னு ஒரு நாய் குறுக்க வந்துச்சு, ஓங்கி மிதிச்சேன், பெடல் கடகடன்னு கால தள்ளுச்சு. மத்த நேரம் ஒண்ணும் இல்ல. இதுவும் டிஸ்க் கோளாறா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இல்ல, அது ஏபிஎஸ் வேலை செஞ்சது. வீல் லாக் ஆகாம இருக்க பிரஷர விட்டு விட்டு குடுக்கும், அதான் கடகட. பயந்து கால எடுத்துராதீங்க, அழுத்தினபடியே ஸ்டீயரிங்க திருப்புங்க. சாதாரணமா மெதுவா மிதிக்கறப்பவும் அப்படி வந்தா மட்டும் ஒர்க்‌ஷாப் போங்க.