கேபினில் கேமரா, கண்ணுக்கு ஆபத்தா?

கேள்வி: என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஒப்பந்ததாரரிடம் டம்பர் ஓட்டுகிறார். கேபினில் முகத்துக்கு நேராகக் கேமரா வைத்திருக்கிறார்கள். கண் சொருகினால் பீப் அடித்து சீட் அதிர்கிறதாம். அந்த வெளிச்சத்தில் கண் கெட்டுவிடும் என்று யாரோ சொல்ல, நைட் ஷிப்டில் அதன்மேல் துண்டைப் போட்டுவிடுகிறார். சரியா?
- வாசகி, வடலூர்

பதில்: முதலில் துண்டை எடுக்கச் சொல்லுங்கள், சகோதரி. அது அகச்சிவப்பு ஒளி. டிவி ரிமோட்டில் இருப்பதும் அதே இனம்தான். இருட்டிலும் கண் தெரிவதற்காக வைத்தது. இந்தக் கருவிகளில் வரும் அளவு கண்ணைக் கெடுக்காது.

சாதாரணமாகக் கண் சிமிட்ட அரை விநாடிகூட ஆகாது. தூக்கம் அழுத்தும்போது இமை மெல்ல இறங்கி மெல்ல ஏறும். ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் இமை ஐந்தில் நாலு பங்கு மூடிக் கிடந்தது என்பதுதான் இதில் முக்கியமான கணக்கு. 30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றே விநாடி கண் சொருகினாலும் டம்பர் 25 மீட்டர் போய்விடும். லோடோடு சரிவில் இறங்கும்போது என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும்.

குனிந்து மீட்டர் பார்த்தாலும், மூக்குக்கண்ணாடி பளபளத்தாலும் அது சும்மா அடிக்கலாம். அப்படி அடித்த நேரத்தைக் குறித்து வைத்து சூப்பர்வைசரிடம் சொல்லட்டும். ஆனால் விடியற்காலை 2 மணிக்கு மேல் அடித்தால் நம்ப வேண்டியதுதான். உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும் நேரம் அது. டீ குடித்தாலும் வேலை செய்ய அரை மணி ஆகும். சொல்லிவிட்டு வண்டியை ஓரம்கட்டி இருபது நிமிடம் கண்ணயர்வதுதான் வழி.

மணி அடிக்கும்போது தூக்கம் வந்தே விட்டது. கண் திறந்தபடியே புத்தி மங்கிக் கிடந்தால் பல நேரம் கேமராவுக்குத் தெரியாது. அதனால் என் கவலை கேமரா இல்லை, அவருடைய பகல் தூக்கம். அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே! வந்ததும் படுக்கிறாரா, ரேஷன் கடைக்குப் போகிறாரா? ஜன்னலில் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள், போனை நீங்கள் வாங்கி வையுங்கள். ஆடி மாத மைக் செட்டுக்கு மட்டும் என்னிடம் மருந்தில்லை. சளி மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போக வேண்டாம், பலதும் தூக்கம் தரும். பலமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சுத் திணறினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மணி அடித்த கணக்கை வைத்துச் சம்பளம் பிடித்தால் எல்லோரும் துண்டைத்தான் தேடுவார்கள். பிடிப்பார்களா, வீடியோவை யார் பார்ப்பார்கள் என்று கேட்பதில் தப்பில்லை. தனியாகப் போகாமல் நாலு ஆபரேட்டர்களோடு சேர்ந்து போய்க் கேட்கச் சொல்லுங்கள்.