புது ரவுட்டர் வாங்கியும் உள் அறையில் நெட் வரவில்லை, பெரிய திட்டத்துக்கு மாறினால் சரியாகுமா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது: புது வைஃபை ரவுட்டர் வாங்கி மாட்டிவிட்டீர்கள், கூடத்தில் வேகம் நன்றாக இருக்கிறது, உள் அறைக்குப் போனால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. பெரிய திட்டத்துக்கு மாறலாமா, ரவுட்டரை முதலிலிருந்து எப்படி அமைப்பது என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்குத் திட்டத்தை மாற்ற வேண்டாம். நான் மாற்றிப் பார்த்தவன். எங்கள் வீட்டில் உள் அறையில் உட்கார்ந்துதான் அக்கா ஆன்லைனில் பாடம் எடுப்பார். நாளுக்கு ஒரு முறையாவது கதவைத் திறந்துகொண்டு வந்து, "தம்பி, பசங்களுக்கு என் குரல் போகலையாம்டா, என்னன்னு கொஞ்சம் பாரு" என்பார். இணைப்புக் கொடுத்தவர்களைக் கேட்டால் மேல் திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். மாறினேன். கூடத்தில் வேகம் இரண்டு மடங்கானது. அக்காவின் அறையில் எந்த மாற்றமும் இல்லை.

வீட்டுக்குள் நெட் வருவதில் இரண்டு பகுதி உண்டு. வெளியிலிருந்து ரவுட்டர் வரைக்கும் கேபிள். ரவுட்டரிலிருந்து போன் வரைக்கும் காற்று. நீங்கள் பணம் கட்டுவது முதல் பகுதிக்கு மட்டும்தான். பழுது எந்தப் பகுதியில் என்று தெரியாமல் எதைச் செய்தாலும் வீண். அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு லேப்டாப்பை லேன் கேபிள் வழியாக நேராக ரவுட்டரில் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு வேகத்தைச் சோதியுங்கள். திட்டத்தில் சொன்ன வேகம் கிட்டத்தட்ட வந்தால் வெளி இணைப்பில் குறை இல்லை, காற்றுப் பகுதியைத்தான் பார்க்க வேண்டும். வராவிட்டால் வைஃபையைத் திட்டிப் பயனில்லை.

சோதிக்கும்போது ஒரு குழப்பம் வரும். திட்டத்தில் 100 எம்பிபிஎஸ் என்று போடுவது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற பிட் கணக்கு. கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவது பைட் கணக்கு. எட்டால் வகுக்க வேண்டும். ஆக 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பிதான் இறங்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று, எனக்கு ஒரு வாரம் தின்றது. 200 எம்பிபிஎஸ் திட்டம், கேபிளில் சோதித்தால் எப்போதும் 94. காலையில் 94, நள்ளிரவில் 94. இப்படி அசையாத எண் வந்தால் நெரிசல் காரணமாக இருக்க முடியாது. நெரிசல் என்றால் எண் ஏறி இறங்கும். கடைசியில் ரவுட்டருக்கு வரும் கேபிளைக் கழற்றி அதன் முனையை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே எட்டு கம்பிகள். ஏழின் செம்பு முனைகள் பிளாஸ்டிக்கின் விளிம்பு வரை வந்து நின்றன. பழுப்பு நிறக் கம்பி மட்டும் இரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது, அதன் பித்தளைப் பல் எதையும் கடிக்கவில்லை. 100 எம்பிபிஎஸ் போக நான்கு கம்பிகள் போதும். ஜிகாபிட் போக எட்டும் வேண்டும். கூடுதலாகத் தேவைப்படும் அந்த நான்கில் ஒன்று தொடாவிட்டாலும் இரு பக்கமும் பேசி வைத்துக்கொண்டு 100-க்கு இறங்கிவிடும், இணைப்பு அறுகாது, யாருக்கும் சந்தேகமும் வராது. முனையை வெட்டிப் புது பிளக்கை அழுத்தி மாட்டியதும் (கிரிம்ப்) வேகம் ஏறியது. ரவுட்டரின் துளைகளே 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தாலும் இதே 94 தான் வரும். மலிவு மாடல்களில் இது உண்டு, வாங்கும் முன் பெட்டியில் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, மாட்டுவது. ரவுட்டரின் பின்னால் ஒரு துளை மட்டும் தனி நிறத்தில் அல்லது வான் (WAN) என்ற எழுத்தோடு இருக்கும். வெளியிலிருந்து வரும் கேபிள் அதில்தான் போக வேண்டும். ஃபைபர் இணைப்பு என்றால் நிறுவனம் கொடுத்த பெட்டி ஒன்று ஏற்கெனவே சுவரில் இருக்கும். பெரும்பாலும் அதுவே ஒரு ரவுட்டர், அதற்கும் வைஃபை உண்டு. அதன் பின்னால் புது ரவுட்டரை அப்படியே மாட்டினால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு ரவுட்டர்கள் முகவரி மாற்றும் வேலையைச் செய்யும். சாதாரணமாகப் படம் பார்க்க இது தொந்தரவு தராது. ஆன்லைன் விளையாட்டு, வெளியிலிருந்து பார்க்கும் கேமரா, அலுவலக விபிஎன் போன்றவற்றில்தான் இடறும். இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள்: நிறுவனப் பெட்டியை, இணைப்பை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள், அல்லது உங்கள் ரவுட்டரை, வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் முறையில் வையுங்கள். இரண்டாவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. எதைச் செய்தாலும் பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தால் ஒன்றையொன்று கெடுக்கும்.

அமைப்புப் பக்கத்துக்குப் பிரவுசரில் தட்ட வேண்டிய முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். முதல் தடவை கேபிளில் இணைத்தே செய்யுங்கள். வைஃபை பெயரை மாற்றும்போது வைஃபையிலேயே இருந்தால் பாதியில் அறுந்துபோகும். இங்கே இரண்டு பாஸ்வேர்டுகள் உண்டு, பலர் ஒன்றோடு ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். வைஃபையில் சேரக் கொடுப்பது ஒன்று, ரவுட்டருக்குள் நுழைந்து அதன் அமைப்பை மாற்றக் கொடுப்பது இன்னொன்று. வைஃபைக்கு நீளமாக வைத்துவிட்டு, உள்ளே நுழைவதை அட்மின் அட்மின் என்றே விட்டுவிடுவார்கள். 2016-இல் மிராய் என்ற தீய நிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது, நிறுவனம் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டுகளை வரிசையாக முயன்று பார்த்தே. பெரிய வித்தை எதுவும் அதில் இல்லை. இரண்டையும் இன்றே மாற்றுங்கள்.

பாதுகாப்பு வகை என்று கேட்கும் இடத்தில் டபிள்யூபிஏ3 (WPA3) இருந்தால் அது, பழைய கருவிகள் இணைய மறுத்தால் டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலவை. டபிள்யூஇபி (WEP) என்ற பழைய முறையைத் தொடவே வேண்டாம், அதை உடைக்கும் வழி 2001-லேயே வெளியாகிவிட்டது. பாஸ்வேர்டு தட்டாமலே கருவியைச் சேர்க்க டபிள்யூபிஎஸ் (WPS) என்று ஒரு வசதி இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அதன் ரகசிய எண்ணில் (PIN) எட்டு இலக்கம் உண்டு, பத்துக் கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் அதை இரண்டு பாதியாகத் தனித்தனியே சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. ஆக முதல் பாதிக்கு 10,000, இரண்டாம் பாதிக்கு 1,000, மொத்தம் 11,000 முயற்சிகளில் கதவு திறந்துவிடும். 2011-இல் இது வெளியே வந்தது. விருந்தாளிகளுக்குக் கெஸ்ட் நெட்வொர்க் என்ற தனி வைஃபை ஒன்றைத் திறந்து வையுங்கள், ஸ்மார்ட் பல்பு, கேமரா எல்லாவற்றையும்கூட அதிலேயே போட்டுவிடலாம். ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளின் (ஃபர்ம்வேர்) அப்டேட் தானாக நடக்கும்படி விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் உண்மையான பிரச்சினை, வைக்கும் இடம். கேபிள் எங்கே நுழைகிறதோ அங்கேயே ரவுட்டரை வைப்பதுதான் வழக்கம். அது பெரும்பாலும் வீட்டின் ஒரு மூலையாக இருக்கும், டிவிக்குப் பின்னால், அழகுக்காக மறைத்து. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க மெதுவாக நடந்தேன். அது சிக்னலை டிபிஎம் என்ற அளவில் காட்டும், எண் மைனஸில் வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. கூடத்தில் -45. நடைக்கு வந்ததும் -58. அக்காவின் அறை வாசலில் -66. உள்ளே இரண்டு அடி வைத்ததும் -79. இரண்டு அடியில் இவ்வளவு சரிவா என்று நின்று திரும்பிப் பார்த்தேன். எனக்கும் ரவுட்டருக்கும் நேர்கோட்டில் இரும்பு பீரோ, அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி.

உலோகத்தைத் தாண்டி ரேடியோ அலை போகாது, மோதித் திரும்பும். கண்ணாடிக்குப் பின்னாலும் மெல்லிய உலோகப் பூச்சு உண்டு. தண்ணீர் அலையை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் மீன் தொட்டியும் தண்ணீர் டிரம்மும் எதிரிகள்தான். கான்கிரீட்டைவிட உள்ளே கம்பி போட்ட கான்கிரீட் மோசம். மரக்கதவும் மெல்லிய செங்கல் சுவரும் ஓரளவு விட்டுக்கொடுக்கும்.

பீரோவை நகர்த்த அக்கா சம்மதிக்கவில்லை. பத்து மீட்டர் லேன் கேபிள் வாங்கி, சுவரோரமாக ஆணியடித்துக் கொண்டுபோய், ரவுட்டரை நடையில் தலைக்கு மேல் உயரத்தில் மாட்டினேன். அக்காவின் மேஜையில் அளந்தால் -61. மூன்று டிபி கூடினால் சக்தி இரண்டு மடங்கு, பத்து கூடினால் பத்து மடங்கு. பதினெட்டு கூடியிருக்கிறது என்றால் கிட்டத்தட்ட அறுபது மடங்கு. மேல் திட்டம் கொடுக்காததை ஒரு கேபிள் கொடுத்தது. வீடியோ அழைப்பு தடங்கலில்லாமல் ஓட -67-க்குள் இருந்தால் நல்லது, -75-ஐத் தாண்டினால் திணறும்.

ஆன்டெனாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் அதை வேண்டிய அறையை நோக்கித் துப்பாக்கி மாதிரி நீட்டி வைக்கிறார்கள். குச்சி ஆன்டெனாவின் நுனியிலிருந்து அலை வெளிவருவதில்லை. குச்சியைச் சுற்றித்தான் பரவும், சைக்கிள் டியூபைப் படுக்க வைத்து நடுவில் குச்சியை நிறுத்தினது போல. நுனி காட்டும் திசைதான் இருப்பதிலேயே பலவீனமானது. ஒரே தளத்து வீடென்றால் ஆன்டெனாவை நேராக நிறுத்துங்கள். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள்.

2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை காட்டும். 2.4 சுவரைக் கடந்து தூரம் போகும், ஆனால் பக்கத்து வீடுகள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில் நெரிகின்றன. 5 வேகமானது, சுவரில் சீக்கிரம் சோர்ந்துபோகும். 2.4-இல் சேனலை, அதாவது அலைவரிசைக்குள் இருக்கும் பாதையை, 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக வையுங்கள், இந்த மூன்றுதான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 5-இல் 36 முதல் 48 வரையிலான சேனல்கள் தொல்லையில்லாதவை. 52-க்கு மேல் உள்ள பல சேனல்கள் ரேடாருக்கும் பொது என்பதால், ரவுட்டர் முதலில் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும். கரண்ட் வந்தும் 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் கொஞ்ச நேரம் தெரியவில்லை என்றால் காரணம் இதுதான், ரவுட்டர் கெட்டுப்போகவில்லை. ஸ்மார்ட் பல்பு, பிளக் போன்றவை பெரும்பாலும் 2.4 மட்டும் அறிந்தவை. அவை சேர மறுத்தால் 5-ஐத் தற்காலிகமாக அணைத்துவிட்டுச் சேருங்கள்.

இவ்வளவும் செய்தபின் இன்னும் ஓர் அறை இருட்டாகவே இருந்தால் ரிப்பீட்டர் வாங்கத் தோன்றும். ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டரில் வேகம் பாதியாகும். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், அதே வாக்கியத்தை அது இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. முடிந்தால் அந்த அறைக்குக் கேபிள் இழுத்து இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் வையுங்கள், பழைய ரவுட்டரே அதற்குப் போதும். கேட் 5இ கேபிளில் 100 மீட்டர் வரை ஜிகாபிட் போகும், எந்த வீட்டுக்கும் அது தாராளம். சுவரில் துளை போடவே முடியாது என்றால் மெஷ் செட், அதாவது தங்களுக்குள் வைஃபையில் பேசி ஒரே நெட்வொர்க்காக இயங்கும் பெட்டிகள். அப்போதும் இரண்டாவது பெட்டியை இருட்டறைக்குள் வைக்காமல் பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வையுங்கள்.

நெட் நின்றுபோனால் முதலில் ஃபைபர் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக இருந்தால் இழை வழியாக ஒளி வரவில்லை, பெரும்பாலும் எங்கோ இழை அறுந்திருக்கும், நிறுவனத்தைக் கூப்பிட வேண்டியதுதான். அந்த நேரத்தில் ரவுட்டரின் சின்னத் துளைக்குள் ஊக்கை விட்டு அழுத்திவிடாதீர்கள். அது வெறும் ரீஸ்டார்ட் இல்லை, நீங்கள் செய்து வைத்த அத்தனையும் அழிந்துபோகும், இழையைச் சரிசெய்து கொடுத்த பின்னாலும் நெட் வராமல் போகலாம்.

இன்று மாலை அந்த ஆப்பைப் போட்டுக்கொண்டு கூடத்திலிருந்து உள் அறை வரை ஒரு முறை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் எண் சட்டென்று விழுகிறது, அங்கே நேர்கோட்டில் என்ன பொருள் நிற்கிறது என்று கீழே எழுதுங்கள். ரவுட்டரை எங்கே மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.