மெட்ரோனோம்கள் ஏன் ஒன்றுசேரவில்லை?

அன்புள்ள ஐயா,
அலைவுகள் பாடத்துக்காக இரண்டு மெட்ரோனோம்களை (இசைப் பயிற்சிக்குத் தாளம் தட்டும் ஊசல் கருவிகள்) மரப்பலகையில் வைத்து, பலகையை இரண்டு உருளைகள்மேல் ஏற்றினேன். பத்து நிமிடமாகியும் அவை சேர்ந்து ஆடவில்லை. காரணம் என்ன? இதை ஒத்ததிர்வு (resonance) என்று மாணவர்களிடம் சொல்லலாமா?
– இயற்பியல் ஆசிரியர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பலகையை மாற்றுங்கள். ஊசலின் சிறு உதைக்கு மரப்பலகை அசைந்துகொடுக்காது. பலகை அசையாவிட்டால் ஒரு மெட்ரோனோம் இருப்பதே மற்றதற்குத் தெரியாது. லேசான ஃபோம் பலகையும் நசுங்காத இரண்டு காலிக் குளிர்பான டின்களும் போதும். டின்கள் இணையாகக் கிடக்கட்டும். அவை உருளும் திசையிலேயே ஊசல்களும் ஆட வேண்டும். மேசை மட்டமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேகம் நிமிடத்துக்கு 208 தட்டு இருக்கட்டும் (ஓர் அலைவுக்கு இரண்டு தட்டு). மேல் எடையைக் கீழே இறக்க இறக்க ஊசலின் நிறைமையம் அச்சிலிருந்து விலகும், உதை பலக்கும். ஆனால் அளவுக்கோடுகளை நம்பாதீர்கள். அசையாத மேசையில் இரண்டையும் சேர்த்துத் தொடங்கி, நேரெதிராக ஆடும் நிலைக்கு வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். 50 விநாடி என்றால் அதிர்வெண் வேறுபாடு 0.01 ஹெர்ட்ஸ். வெகு சீக்கிரம் எதிராகிவிட்டால் ஒன்றின் எடையை இம்மியளவு நகர்த்துங்கள்.

ஒத்ததிர்வு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பிறகு அந்தக் குழப்பத்தை நீக்குவது கடினம். அதே பலகையில் ஒரு சிறு தாங்கியை ஒட்டி, 8.3 செ.மீ. நீளமுள்ள தனி ஊசலைத் தொங்கவிடுங்கள். 208-இல் ஓடும் மெட்ரோனோமின் அலைவுநேரமும் (0.577 விநாடி) இதனுடையதும் ஒன்றே. மெட்ரோனோம் ஓடும்வரை குண்டு ஆடும், நிறுத்தினால் அடங்கிவிடும். இது ஒத்ததிர்வு. மெட்ரோனோம்கள் அப்படியல்ல: ஒவ்வொன்றும் தன் சுருள்வில்லின் ஆற்றலில் தானே ஓடுகிறது, மற்றதற்காகத் தன் கட்டத்தை, அதாவது அலைவில் தான் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை, மட்டும் திருத்திக்கொள்கிறது.

அடுத்து, கைபேசியில் காணொளி எடுத்து, கட்ட வேறுபாட்டை நேரத்துக்கு எதிராக மாணவர்கள் வரையட்டும். பாடத்தின் உயிர் இந்த வரைபடம்தான். அசையாத மேசையில் சாய்ந்த நேர்கோடு வரும். டின்கள்மேல் அந்தக் கோடு வளைந்து கிடைமட்டமாகும். கட்ட வேறுபாடு மாறும் வேகம் என்பது இயல்புக் கோண அதிர்வெண்களின் வேறுபாட்டிலிருந்து, பிணைப்பின் (பலகை வழியே ஒன்று மற்றதைப் பாதிப்பதன்) வலிமையையும் கட்ட வேறுபாட்டின் சைனையும் பெருக்கிக் கழித்தது. இந்த ஒரு சமன்பாடு போதும். அதிர்வெண்கள் சற்றே வேறுபட்டால் கோடு சுழியத்தில் நிற்காமல் ஒரு சிறு கோணத்தில் நிற்கும். மாணவர்கள் இதைச் சோதனைப் பிழை என்பார்கள், ஆனால் அந்தச் சிறு கோணம்தான் சரியான விடை.

எடையை இன்னும் நகர்த்தி, அதிர்வெண் வேறுபாடு பிணைப்பைச் சற்றே மிஞ்சும்படி செய்யுங்கள். கோடு 90° அருகே வெகுநேரம் தயங்கும், பிறகு சட்டென்று ஒரு முழுச் சுற்றைத் தாண்டும், மறுபடி தயங்கும்.

1665-இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஒரே உத்தரத்தில் தொங்கவிட்ட ஊசல் கடிகாரங்கள் எதிரெதிராக ஆடினவே என்று யாராவது கேட்டால், ஒன்றின் உதையை மற்றது ஈடுசெய்ததால் உத்தரம் அநேகமாக அசையாமல் நின்றது என்று விளக்குங்கள்.