சைனஸ் தொல்லைக்கு உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். நாலைந்து வருடமாகவே சைனஸ் தொல்லை. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, கன்னத்திலும் நெற்றியிலும் பாரம். தொண்டைக்குள் சளி இறங்கிக்கொண்டே இருக்கும். யோகா வகுப்பில் ஜலநேதி செய்யச் சொல்லி, அதற்கான குவளையும் கொடுத்தார்கள். குழாய்த் தண்ணீரில் கல் உப்பைப் போட்டு இரண்டு முறை செய்து பார்த்தேன். மூக்கு எரிந்து கண்ணில் தண்ணீர் கொட்டியதுதான் மிச்சம். காதும் இரண்டு நாள் அடைத்துக்கொண்டது. ‘மூக்கில் தண்ணீர் விட்டால் அமீபா மூளைக்குப் போய்விடும், கேரளாவில் என்ன நடந்தது பார்’ என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். இதைத் தொடரலாமா, விட்டுவிடலாமா? தினமும் இரவில் மட்டும் மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன்.
- வாசகி, திருப்பூர்

பதில்: தொடரலாம் சகோதரி. உங்கள் தொழிலுக்கும் தொல்லைக்கும் ஏற்ற வைத்தியம்தான் இது. ஆனால் நீங்கள் செய்த முறையில் தண்ணீர், உப்பு இரண்டையுமே மாற்ற வேண்டும். அதற்கும் முன்னால், கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அந்தச் சொட்டு மருந்தைக் கவனிக்க வேண்டும். எனக்கு அதன் மேல்தான் சந்தேகம் அதிகம்.

மூக்கடைப்பை உடனே திறக்கிற சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் ஆக்சிமெடாசோலின் அல்லது சைலோமெடாசோலின் இருக்கும். வீங்கியிருக்கும் ரத்தக் குழாய்களை இவை சுருக்கிவிடுகின்றன. ஐந்தே நிமிடத்தில் மூச்சு தாராளமாகப் போகும். ஜலதோஷத்துக்கு மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் விடலாம். அதற்கு மேல் போனால், மருந்தின் வேகம் குறைந்ததும் மூக்கின் உட்சதை முன்பைவிட அதிகமாக வீங்கும். கந்துவட்டி மாதிரி, ராத்திரி வாங்கிய நிம்மதிக்குக் காலையில் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். காலையில் எழுந்ததும் உங்களுக்கு வருகிற அடைப்பில் ஒரு பங்கு இந்த மருந்தால் வருவதாக இருக்கலாம். காது அடைத்ததற்கும் இதில் பங்கு இருக்கக்கூடும். மூக்கு இரு பக்கமும் வீங்கி அடைத்திருக்கும்போது தண்ணீரை விட்டால் மறு பக்கம் வெளியேற வழி இருக்காது. மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குப் போகும் குழாயில் அது ஏறப் பார்க்கும்.

சொட்டு மருந்தை ஒரே நாளில் நிறுத்த முடியவில்லை என்றால் முதலில் ஒரு பக்கத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் அந்தப் பக்கம் தானாகத் திறக்க ஆரம்பிக்கும். பிறகு அடுத்த பக்கம். அந்த நாட்களைக் கடக்க மூக்கில் அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்பிரே (புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவை) மிகவும் உதவும். ஸ்டீராய்டு என்றதும் பயப்பட வேண்டாம், மூக்கில் அடிக்கும் அளவில் உடம்புக்குள் போவது மிகக் குறைவு. உங்களுக்கு எது, எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

இனி கழுவுகிற விஷயத்துக்கு வருவோம். மூக்கின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. மூச்சோடு வருகிற தூசியைச் சளியில் பிடித்து, தொண்டைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. கட்டிங் மேஜையில் துணி அறுக்கும்போது பறக்கிற பஞ்சுத் தூசி நாள் முழுக்க உள்ளே போனால், சளி கெட்டியாகும், நுண்மயிர்கள் திணறும். கன்னத்துக்கும் நெற்றிக்கும் பின்னால் இருக்கிற சைனஸ் அறைகளின் வாசல்கள் மிகச் சிறியவை. சுற்றியுள்ள சதை கொஞ்சம் வீங்கினாலே அடைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீர் அந்தக் கெட்டிச் சளியையும், அதில் ஒட்டியிருக்கும் பஞ்சையும், ஒவ்வாமையைத் தூண்டும் பொருட்களையும் அடித்துக்கொண்டு போகிறது. பலர் நினைப்பதுபோல அது சைனஸ் அறைகளுக்குள் போய்க் கழுவுவதில்லை. அறுவை சிகிச்சை செய்துகொள்ளாதவர்களுக்கு உள்ளே போகிற தண்ணீர் மிகக் கொஞ்சம். வாசல் சுத்தமானால் அறை தானே வடிந்துகொள்ளும், அவ்வளவுதான். இது யோகா வகுப்போடு நிற்கிற சமாசாரம் இல்லை. 2020ல் வெளியான ஐரோப்பிய சைனஸ் சிகிச்சை வழிகாட்டியும் நாள்பட்ட சைனஸ் அழற்சிக்கு உப்புநீர்க் கழுவலைப் பரிந்துரைக்கிறது.

வீட்டில் காட்டுகிற பயத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் 2011ல் இரண்டு பேர் இறந்தார்கள். இருவருமே உங்களைப்போல வீட்டுக் குழாய்த் தண்ணீரை மூக்குக் குவளையில் ஊற்றிப் பயன்படுத்தியவர்கள். நெக்லேரியா ஃபவுலேரி என்கிற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. அந்தத் தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் ஆவதில்லை. மூக்கின் உச்சியில் ஏறினால்தான், வாசனை அறியும் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. கேரளாவில் 2024லும் 2025லும் அமீபா மூளைக் காய்ச்சலுக்குப் பலர் பலியானார்கள். குளம், குட்டையில் குளித்தவர்களும் அதில் இருந்தார்கள். மிக மிக அரிதான நோய். ஆனால் நெக்லேரியாவால் வந்தால் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டியில் சூடேறிக் கிடக்கிற தண்ணீரை மூக்கில் விடுவது தேவையே இல்லாத ஆபத்து.

இத்தனை பயத்துக்கும் மாற்று ஒரு கொதி. தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள், அமீபா செத்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி 2,000 மீட்டருக்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும். அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். மூடி வைத்து, கை பொறுக்கிற வெதுவெதுப்புக்கு ஆறியதும் பயன்படுத்தலாம். ஆறவைக்கப் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடாதீர்கள், காய்ச்சியதே வீண். ஆர்.ஓ. தண்ணீரும் கேன் தண்ணீரும் குடிக்கச் சரி, மூக்குக்கு அவற்றையும் காய்ச்சித்தான் ஆக வேண்டும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரை வாங்கி வந்து காட்டுபவர்களும் உண்டு. அது மனிதர்களுக்கானது அல்ல.

அடுத்தது எரிச்சல். நம் உடம்பின் நீரில் இருக்கிற உப்பின் அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் மூக்கு எரியாது. அதாவது 0.9 சதவீதம்: ஒரு லிட்டருக்கு 9 கிராம். உப்பு கூடினாலும் எரியும், குறைந்தாலும் எரியும். வெறும் தண்ணீர் மூக்கில் ஏறினால் சுரீரென்று இருப்பது அதனால்தான். கல் உப்பை ஸ்பூனில் அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு அளவு வரும். அதோடு, கரைத்த கல் உப்பை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பத்து நிமிடம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள், அடியில் பழுப்பாக மண் தங்கியிருக்கும். இந்துப்பும் இதே கதைதான்; அதில் தனிச் சிறப்பு ஒன்றும் இல்லை. 250 மி.லி. தண்ணீருக்குத் தூள் உப்பு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகத் தலைதட்டிப் போடுங்கள். ஆப்ப சோடா ஒரு சிட்டிகை சேர்த்தால் எரிச்சல் இன்னும் தணியும் (பேக்கிங் பவுடர் வேறு, அதைப் போடக் கூடாது). அயோடின் கலந்த உப்பு சிலருக்கு மட்டும் லேசாக உறுத்தும், கெடுதல் ஒன்றும் இல்லை.

இவ்வளவு கணக்கு வேண்டாம் என்றால் மருந்துக் கடையில் மூக்குக் கழுவும் பாட்டிலும் அளந்துபோட்ட உப்புப் பொட்டலமும் கிடைக்கின்றன. பொட்டலம் வாங்கினாலும் தண்ணீரைக் காய்ச்ச வேண்டும். இன்னும் சுலபம், ட்ரிப்ஸ் ஏற்றுகிற நார்மல் சலைன் பாட்டில். லேபிளில் சோடியம் குளோரைடு 0.9 சதவீதம் என்று மட்டும் இருக்க வேண்டும்; குளுக்கோஸ் கலந்ததும் அதே மாதிரி பாட்டிலில்தான் வரும், மாற்றி வாங்கிவிடாதீர்கள். திறந்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் குளிர்ச்சி போகும். ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்ச் ஒன்று இருந்தால் போதும், உங்கள் குவளைகூட வேண்டாம்.

வாஷ்பேசின் முன் குனிந்து நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாயுங்கள். அண்ணாந்து பார்க்கக் கூடாது. வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விடுங்கள். மேலே இருக்கிற மூக்குத் துளையில் மெதுவாக விட்டால் கீழ்த் துளை வழியாக வழிந்துவிடும். அந்த நேரத்தில் ‘கா, கா’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் தண்ணீர் தொண்டைக்கு இறங்குவது குறையும். விழுங்கக் கூடாது, விழுங்கும்போதுதான் காதுக்குப் போகும் குழாய் திறக்கிறது. 250 மி.லி.யில் பாதி ஒரு பக்கம், பாதி மறு பக்கம். முடிந்ததும் நன்றாகக் குனிந்து மிச்சத்தை வடியவிட்டு, இரண்டு துளைகளையும் மூடாமல் மெதுவாகச் சிந்துங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாகச் சிந்தினால் சளி காதுக்கு ஏறும். உங்களுக்குக் காது அடைத்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, உங்களுக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும்தான் சரி. அன்றைய பஞ்சு அன்றே போய்விடும். படுக்கப் போகும்போது செய்தால் தேங்கியிருப்பது தலையணையில் ஒழுகும், இருமல் வரும். ஸ்டீராய்டு ஸ்பிரே அடிப்பதானால் கழுவிய பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அடியுங்கள். அடித்துவிட்டுக் கழுவினால் மருந்துக் காசு வாஷ்பேசினில் போகும். கம்பெனியில் மாஸ்க் போடுவதை மட்டும் இதற்காக நிறுத்திவிடாதீர்கள். குவளையையோ பாட்டிலையோ தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, காய்ச்சிய தண்ணீரில் அலசி, கவிழ்த்து உலரவையுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம்.

காதில் சீழ் வடிகிறவர்கள், மூக்கிலோ காதிலோ அண்மையில் ஆபரேஷன் ஆனவர்கள், அடிக்கடி மூக்கில் ரத்தம் வருகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். மூக்கு முழுக்க அடைத்திருக்கிற நாளிலும் வேண்டாம். மூக்கில் நல்லெண்ணெய் விடச் சொல்வார்கள், அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விட்டதுண்டு.

நெற்றிப் பாரம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2004ல் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்குச் சைனஸ் தலைவலி என்று சொன்ன 2,991 பேரைப் பரிசோதித்தபோது, அவர்களில் 88 சதவீதத்தினரின் தலைவலி ஒற்றைத் தலைவலி வகையாகவே இருந்தது. பாரம் வரும்போது வெளிச்சமும் சத்தமும் பிடிக்கவில்லை, குமட்டுகிறது, மாதவிடாயை ஒட்டி வருகிறது என்றால் அதற்கு மூக்கைக் கழுவிப் பலன் இருக்காது, வைத்தியமே வேறு.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலி வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மூக்கிலிருந்து கறுப்பாக ஏதும் வந்தாலோ, கன்னம் மரத்தாலோ கறுப்புப் பூஞ்சையாக இருக்கலாம். ஒரே பக்கம் மட்டும் நாற்றமடிக்கிற சளி வந்தால் மேல்வரிசைப் பல்லையும் காட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்று வாரம் தினமும் ஒரு வேளை கழுவிப் பாருங்கள். குறைந்தால், பிறகு தூசி அதிகமுள்ள நாட்களில் மட்டும் செய்தால் போதும். குறையவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் எண்டோஸ்கோப்பி பார்த்துவிடுங்கள். மூக்கில் சதை வளர்ந்திருக்கிறதா, நடுச்சுவர் வளைந்திருக்கிறதா என்று அதில் தெரியும், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். போகும்போது அந்தச் சொட்டு மருந்துப் பாட்டிலையும் கையோடு எடுத்துப்போய், எத்தனை மாதமாக விடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.