எலியின் கர்ப்பப்பையை ஆராய்ந்தால் வேலை கிடைக்குமா?

குடியாத்தத்திலிருந்து ஓர் அப்பா கேட்கிறார்: மகள் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டாள். எலியின் கர்ப்பப்பையில் கரு எப்படி ஒட்டுகிறது என்று பிஎச்.டி. செய்யப் போகிறாளாம். "சொந்தக்காரங்க கேட்டா என்ன சார் சொல்றது? பேசாம பி.எட். சேர்த்துடலாமா?"

'கரு ஏன் தங்காமல் போகிறது என்று பார்க்கிற படிப்பு' என்று சொல்லுங்கள் ஐயா. அது உண்மையும்கூட. நல்ல கருவாகப் பார்த்து வைத்தும் ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சை) பல சமயம் கைகொடுப்பதில்லை. கர்ப்பப்பை அந்த நேரத்தில் தயாராக இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தத் தயார்நிலையை ஹார்மோன்கள் எப்படி உண்டாக்குகின்றன என்பதுதான் உங்கள் பெண்ணின் தலைப்பு.

சுண்டெலியில் இதைத் துல்லியமாகப் பார்க்கலாம். இணை சேர்ந்த மறுநாள் காலை பெண் எலியின் பிறப்புறுப்பில் வெள்ளை அடைப்பு தெரிந்தால் அது முதல் நாள். மூன்றாம் நாளிலிருந்து புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் கர்ப்பப்பையைப் பக்குவப்படுத்தும். நான்காம் நாள் சூலகம் ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோனைத் துளி சுரக்கும், அன்றிரவே கரு ஒட்டத் தொடங்கும். அந்தச் சுரப்புக்கு முன்பே சூலகத்தை எடுத்துவிட்டு, புரோஜெஸ்டிரான் மட்டும் கொடுத்துவந்தால் கரு சாகாது, ஒட்டவும் செய்யாது. நாள்கணக்கில் தூங்கும். ஒரே ஒரு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டால் விழித்துக்கொண்டு ஒட்டும். ஐந்தாம் நாள் வாலிலுள்ள ரத்தக்குழாயில் நீலச் சாயம் ஏற்றினால், கரு ஒட்டிய இடமெல்லாம் சில நிமிடங்களில் நீலப் பட்டைகளாகத் தெரியும். ஆனால் எலிக்குச் சரியானது மனிதருக்கும் அப்படியே சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. எலியின் உறவான ஹாம்ஸ்டருக்கே புரோஜெஸ்டிரான் மட்டும் போதும்!

சரி, வேலைக்கு வருவோம். எலியைக் கையால் பிடிக்க வேண்டும், சோதனை முடிவில் கொல்லவும் வேண்டும். நான்காம் நாள் பொங்கலன்று வந்தாலும் லேபில்தான் இருக்க வேண்டும். இது ஒத்துவருமா என்று மகளிடம் கேளுங்கள். விலங்குக்கூடம் உள்ள ஏதாவது ஒரு லேபில் ஒரு சின்ன புராஜெக்ட் செய்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை நான் கறார். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. கிடைத்தால் தயங்காமல் அனுப்புங்கள். கைக்காசு போட்டு பிஎச்.டி. செய்வதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். லக்னோவின் சி.டி.ஆர்.ஐ.யை (மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம்) பார்க்கச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜனை எதிர்த்துக் கரு ஒட்டாமல் தடுக்கும் சஹேலி கருத்தடை மாத்திரை அங்கே உருவானதுதான். மும்பையில் ஐ.சி.எம்.ஆரின் இனப்பெருக்க நல ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது.

எலியில் பிஎச்.டி. முடித்தால் நேராகக் கருத்தரிப்பு மையத்தில் எம்பிரியாலஜிஸ்ட் (கருவியல் நிபுணர்) ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனிதக் கருவைக் கையாண்ட பயிற்சியைத் தனியாகக் கேட்பார்கள். அதுதான் ஆசை என்றால் கிளினிக்கல் எம்பிரியாலஜி முதுகலைதான் குறுக்குவழி.

ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு உண்டு, பி.எட். அப்புறமும் படிக்கலாம். அதனால் அடுத்து வருகிற நெட்டை முதலில் எழுதட்டும். மதிப்பெண் வந்ததும் இரண்டு பேருமாக வாருங்கள், எந்த லேப் என்று பேசுவோம்.